பத்து இலக்கப் பதிவெண்ணோடு பெயரும் ஒட்டிக்கொண்டு வருகிறது: சி மொழியில் கேர் அணி

அரைப்புள்ளி

சி மொழியை இப்போதுதான் கற்கிறேன். மாணவர் விவரங்களை வைத்துக்கொள்ளும் சிறு நிரல் ஒன்று. கட்டுருவுக்குள் (ஸ்ட்ரக்ட்) இரண்டு அணிகள் இருக்கின்றன; மா என்பது அந்தக் கட்டுரு வகை மாறி:

கேர் எண்[10];
கேர் பெயர்[20];

பதிவெண்ணை முதலில் வேறொரு பெரிய அணியில் வாங்கிக்கொண்டு, பிறகு இப்படி நகலெடுக்கிறேன்:

ஸ்டர்என்காப்பி(மா.எண், உள்ளீடு, 10);

ஒன்பது இலக்க எண்ணைத் தந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பத்து இலக்கம் தந்தால், பதிவெண்ணை மட்டும் அச்சிடும் இடத்தில் இப்படி வருகிறது:

2023104567மலர்

பெயரை அச்சிடும்படி அந்த வரியில் நான் எதுவுமே சொல்லவில்லை. உடன் படிக்கும் நண்பன் "எண்[11] என்று மாற்றிப் பார்" என்றான். மாற்றியதும் சரியாகிவிட்டது. ஏன் சரியானது என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. இலக்கங்கள் பத்துதானே, பதினொன்றாவது இடம் யாருக்கு?

வரிசைஎண்0

பதினொன்றாவது இடம் முடிவுக்குறிக்கு. சி மொழியில் ஒரு சரம் எங்கே முடிகிறது என்பதை, மதிப்பு 0 கொண்ட ஒரு பைட்தான் காட்டுகிறது. நிரலில் அதை '\0' என்று எழுதுவோம். பத்து எழுத்துகள் கொண்ட சரத்துக்குக் குறைந்தது பதினொரு பைட் வேண்டும்.

ஸ்டர்என்காப்பிக்கு 10 என்று எல்லை கொடுத்தீர்கள். மூலத்தில் ஒன்பது எழுத்துகள் இருந்தபோது மீதமிருந்த ஓரிடத்தை அது 0 போட்டு நிரப்பியது. பத்து இருந்தபோது எல்லாவற்றையும் எழுத்துகளே பிடித்துக்கொண்டன. 0 எழுத இடமில்லை, அது எழுதவும் இல்லை. எச்சரிக்கை எதுவும் தராமல் திரும்பிவிட்டது.

நினைவகவாசி

மேலே சொன்னது சரி. பெயர் ஏன் வந்தது என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள், இனி வரும் பாதிச் சிக்கல்களை நீங்களே அவிழ்த்துவிடலாம்.

கட்டுருவில் எண் என்ற அணி 0 முதல் 9 வரையிலான பைட்களில் இருக்கிறது. இரண்டுமே கேர் அணிகள் என்பதால் இடையில் வெற்றிடம் விடவேண்டிய தேவை கம்பைலருக்கு இல்லை. ஆகவே 10ஆவது பைட்டிலிருந்து பெயர் தொடங்குகிறது. அச்சிடும் பிரிண்ட்எஃப் செயற்கூறுக்கு நீங்கள் அனுப்பியது ஓர் அணியை அல்ல, முதல் பைட்டின் முகவரியை மட்டுமே. அந்த அணிக்குப் பத்து இடங்கள்தான் என்ற செய்தி அதனுடன் போகவே இல்லை. 0 கண்ணில் படும்வரை நடந்துகொண்டே இருப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை. பத்தைத் தாண்டியது, மலரைக் கடந்தது, மலருக்குப் பின்னால் இருந்த 0 கிடைத்ததும் நின்றது.

இது நல்ல நேரம் என்றுதான் சொல்வேன். பின்னால் பெயர் இல்லாமல் வேறு ஏதாவது இருந்திருந்தால் வினோதக் குறிகள் வந்திருக்கும், அல்லது நிரல் நடுவிலேயே விழுந்திருக்கும். அல்லது அங்கே தற்செயலாக ஒரு 0 இருந்து, எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். மூன்றில் கடைசியானதுதான் மிக மோசம்.

பூச்சியன்

ஸ்டர்என்காப்பியைக் கண்டுபிடித்தவரைத்தான் கேட்கவேண்டும். பெயரில் ஒரு 'என்' இருப்பதால் பாதுகாப்பானது என்று நம்பி எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். மூலம் நீளமாக இருந்தால் முடிவுக்குறி போடாது. மூலம் குட்டையாக இருந்தால் மீதி இடம் முழுவதையும் 0 கொண்டு நிரப்பி நேரத்தை வீணாக்கும். 4096 பைட் அணியில் மூன்று எழுத்தை நகலெடுத்தால் 4093 சுழியங்களை எழுதும். இரண்டு பக்கமும் தவறு. என் குறிமுறையில் இதை நான் அனுமதிப்பதே இல்லை.

திரைக்குப் பதிலாக அணிக்குள் எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப் பயன்படுத்துங்கள். இலக்கு அணியின் மொத்த அளவைத் தருகிறீர்கள். அளவு 0ஆக இல்லாதவரை முடிவுக்குறி நிச்சயம். அது திருப்பித் தரும் எண், இடம் போதுமானதாக இருந்திருந்தால் எத்தனை எழுத்துகள் எழுதியிருக்கும் என்பது. அந்த எண் அணியின் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால், சரம் வெட்டப்பட்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஸ்டர்என்காப்பி இந்தத் தகவலைத் தருவதே இல்லை.

கருந்திரை

> இரண்டு பக்கமும் தவறு

பூச்சியன், கொஞ்சம் பொறுங்கள். ஸ்டர்என்காப்பி சரங்களுக்காகப் பிறந்த செயற்கூறே அல்ல. பழைய யூனிக்ஸில் ஓர் அடைவுப் பதிவு, அதாவது கோப்புப் பட்டியலில் ஒரு கோப்புக்கான இடம், 16 பைட்: கோப்பை அடையாளம் காட்டும் ஐநோட் எண்ணுக்கு 2, பெயருக்கு 14. பெயர் 14 எழுத்தாக இருந்தால் முழு இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்ளும்; முடிவுக்குறிக்கு இடம் கிடையாது, தேவையும் கிடையாது, ஏனென்றால் படிப்பவருக்கு 14 என்பது முன்பே தெரியும். குறைவாக இருந்தால் மீதியைச் சுழியங்களால் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பழைய குப்பை வட்டில் எழுதப்பட்டுவிடும். நீங்கள் தவறு என்று சொன்ன இரண்டும் அந்த வேலைக்குத் தேவையான இரண்டு.

வேடிக்கை என்னவென்றால், அரைப்புள்ளி எழுதியிருப்பதும் அதே வகைப் புலம்தான். பதிவெண் எப்போதும் பத்து இலக்கம் என்றால் எண்[10] என்பதில் பிழையே இல்லை. ஸ்டர்என்காப்பியும் சரியான தேர்வு. பிழை இருப்பது அச்சிடும் வரியில். அங்கே நீளத்தைச் சொல்லியிருக்க வேண்டும்: சதவீதக் குறிக்கும் எஸ் எழுத்துக்கும் நடுவில் .10 என்று போட்டால், பிரிண்ட்எஃப் பத்து பைட்டுக்கு மேல் போகாது, முடிவுக்குறியையும் தேடாது.

ஆக, குறியுரு அணியில் இரண்டு சாதி. ஒன்று, அகலம் நிலையான புலம். மற்றொன்று, 0 கொண்டு முடியும் சரம். கம்பைலருக்கு இரண்டும் ஒன்றே. உங்களுக்கு மட்டும்தான் வேறுபாடு தெரியும், ஆகையால் அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பும் உங்களுடையது. ஒன்றின் கருவியை மற்றொன்றின் மேல் வைத்தால் 2023104567மலர்.

பூச்சியன்

வரலாறு சரி, மறுக்கவில்லை. ஆனால் இன்று ஸ்டர்என்காப்பி எழுதும் நூறு பேரில் அடைவுப் பதிவை மனதில் வைத்து எழுதுபவர் யார்? ஜிசிசி கம்பைலரில் 8ஆம் பதிப்பிலிருந்து இதற்கென்றே தனி எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள், முடிவுக்குறி வெட்டப்படக்கூடும் என்று. எச்சரிக்கை வைக்கும் அளவுக்குத் தவறாகப் பயன்படுகிறது என்பதுதானே பொருள்.

புதிதாகக் கற்பவரிடம் "புலம் வேறு, சரம் வேறு" என்று சொல்லி அனுப்பினால், அடுத்த முறை அச்சிடும்போது .10 போட மறந்துவிடுவார். எண்[11] என்று வைத்தால் மறதிக்கு இடமில்லை. ஒரு பைட்டுக்காக இவ்வளவு வாதம் எதற்கு?

கருந்திரை

கோப்பிலோ வலைப்பின்னலிலோ எதிர்த்தரப்பு 10 பைட் என்று தீர்மானித்துவிட்டால் உங்கள் பதினொன்றாவது பைட்டை யார் ஏற்பார்கள்? நினைவகத்தில் வைத்திருக்கும்போது 11, வெளியே அனுப்பும்போது 10 என்பது நல்ல வழி. அதையும் தெரிந்து செய்யவேண்டும் என்பதுதான் என் வாதம்.

அரைப்புள்ளி

இருவருக்கும் நன்றி. எண்[11] என்றே வைத்துக்கொள்கிறேன், எஸ்என்பிரிண்ட்எஃப் பயன்படுத்துகிறேன்.

இப்போது அடுத்த சிக்கல். நகலெடுப்பதை ஒரு தனிச் செயற்கூறாக மாற்றினேன். அளவுருவாக கேர் இலக்கு[11] என்று தெளிவாக அளவைக் குறிப்பிட்டிருக்கிறேன். உள்ளே சைஸ்ஆஃப்(இலக்கு) என்று கேட்டால் 8 என்கிறது. வெளியே கேட்டால் 11 என்கிறது. எட்டு எங்கிருந்து வந்தது?

வரிசைஎண்0

பாயிண்டரின், அதாவது முகவரியை வைத்திருக்கும் மாறியின் அளவு. 64 பிட் கணினியில் 8, 32 பிட்டில் 4.

அளவுருப் பட்டியலில் நீங்கள் [11] என்று எழுதினாலும், [500] என்று எழுதினாலும், வெறும் [] என்று விட்டாலும், கம்பைலர் அதைக் கேர் பாயிண்டராகவே எடுத்துக்கொள்ளும். அந்த 11 படிப்பவருக்கான அலங்காரம். செயற்கூறுக்குள் அளவு தேவை என்றால் இரண்டாவது அளவுருவாக நீங்களே அனுப்ப வேண்டும்:

நிரப்பு(மா.எண், சைஸ்ஆஃப்(மா.எண்), உள்ளீடு);

அழைக்கும் இடத்தில் மா.எண் இன்னும் அணியாகவே இருப்பதால் அங்கே சைஸ்ஆஃப் சரியான விடை தரும். எச்சரிக்கைகளை இயக்கிவைத்திருந்தால் ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டுமே இதைச் சுட்டிக்காட்டும். காட்டவில்லை என்றால் எச்சரிக்கைகளை அணைத்துவைத்திருக்கிறீர்கள்.

சைஸ்ஆஃப் என்பது அணிக்கு ஒதுக்கிய இடம். ஸ்டர்லென் என்பது இப்போது அதற்குள் இருக்கும் சரத்தின் நீளம், முடிவுக்குறியைச் சேர்க்காமல். பெயர்[20] என்ற அணியில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் முதலாவது 20, இரண்டாவது 3.

நினைவகவாசி

கூடவே ஒன்று: ஸ்டர்லென் விடையைக் கையில் வைத்திருக்காது, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து நடந்து எண்ணும். சுழற்சியின் நிபந்தனைக்குள் அதை எழுதி, உள்ளே சரத்தை மாற்றிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் முழு நடை. ஸ்டர்கேட் கொண்டு ஆயிரம் துண்டுகளை ஒட்டுவதும் இதே கதை. நூறு எழுத்துகளில் தெரியாது. பத்து லட்சம் எழுத்துகளில் கணினி மூச்சு வாங்கும்.

ஈரிலக்கம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதையெல்லாம் பார்க்கும்போது, புதிதாகக் கற்பவருக்கு இந்தத் தலைவலி எதற்கு என்று தோன்றுகிறது. சி++ மொழியில் ஸ்ட்ரிங் வகை இருக்கிறது. நீளம் அதற்குள்ளேயே இருக்கிறது, இடம் தானாக வளரும், == போட்டால் உள்ளடக்கத்தை ஒப்பிடும். பைத்தானில் இன்னும் எளிது. இந்தக் காலத்தில் கேர் அணியோடு மல்லுக்கட்டுபவர் யார்?

கருந்திரை

பைத்தானின் பரவலான மொழிபெயர்ப்பி சி மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. லினக்ஸ் கருவம் சி. நினைவகம் கிலோபைட் கணக்கில் இருக்கும் நுண்கட்டுப்படுத்திகளில் இன்னும் சி. யாரோ மல்லுக்கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள், உங்கள் ஒரு வரி ஓடுவதற்காக.

பூச்சியன்

இதில் நான் ஈரிலக்கம் பக்கம். தேவை இருப்பவர் கற்கட்டும். பயன்பாட்டு நிரல் எழுதப்போகிறவருக்கு முதல் பாடமே கேர் அணி என்றால், நிரலாக்கம் என்பதே பயம் தரும் விஷயம் என்று நினைத்துவிடுவார்.

நினைவகவாசி

சி++ ஸ்ட்ரிங் வகைக்குள்ளும் இதே அணிதான் இருக்கிறது, மூடி போட்டிருக்கிறார்கள். சிறு சரங்களைக் குவியல் நினைவகத்துக்கு (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் இடம்) அனுப்பாமல் பொருளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. ஜிசிசியோடு வரும் நூலகத்தில் 15 எழுத்துகள் வரை அப்படி உள்ளேயே இருக்கும். 16ஆவது எழுத்து வந்ததும் குவியலுக்குப் போகும். வேகம் ஏன் திடீரென்று மாறுகிறது என்று ஒரு நாள் தேடும்போது மூடியைத் திறந்துதான் பார்க்கவேண்டியிருக்கும்.

மூடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சி++ எழுதுகிறீர்கள் என்றால் ஸ்ட்ரிங் வகையை எடுங்கள், இரண்டாவது யோசனையே வேண்டாம். ஆனால் அரைப்புள்ளி கேட்டது சி. "வேறு மொழிக்குப் போங்கள்" என்பது அந்தக் கேள்விக்கு விடையாகாது.

அரைப்புள்ளி

என் பாடத்திட்டத்தில் சி கட்டாயம், ஆகவே எனக்கு வேறு வழியில்லை :)

ஆனால் ஈரிலக்கம் சொன்ன == பற்றிக் கேட்கவேண்டும். பதிவெண்ணைத் தேடும் பகுதியில் மா.எண் == தேடல் என்று எழுதியிருந்தேன், ஒருபோதும் பொருந்தவில்லை. ஸ்டர்கம்ப் பயன்படுத்த வேண்டும் என்று படித்துவிட்டு மாற்றினேன், சரியாகிவிட்டது. ஆனால் சோதனைக்காக இரண்டு பாயிண்டர்களுக்கு ஒரே மேற்கோள் சரத்தைக் கொடுத்து == போட்டால் மட்டும் பொருந்துகிறது! அது எப்படி?

வரிசைஎண்0

== ஒப்பிடுவது முகவரிகளை. இரண்டு தனித்தனி அணிகளின் முகவரிகள் ஒருபோதும் சமமாகாது, உள்ளே என்ன இருந்தாலும். ஆனால் நிரலில் ஒரே மேற்கோள் சரம் இரண்டு இடங்களில் வந்தால், கம்பைலர் இரண்டுக்கும் ஒரே பிரதியை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால் முகவரி ஒன்று, விடை 'சமம்'. வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆகையால் அந்த விடையை நம்பி எதுவும் எழுதாதீர்கள். ஜாவா கற்பவர்களும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள்.

ஸ்டர்கம்ப் சமமாக இருந்தால் 0 தரும் என்பதையும் கவனியுங்கள். இஃப்(ஸ்டர்கம்ப்(அ, ஆ)) என்று மட்டும் எழுதினால் 'வேறுபட்டால்' என்று பொருள்.

இதோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேர் *ப = "..." என்பதும் கேர் ப[] = "..." என்பதும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவது அந்த மேற்கோள் சரத்தையே சுட்டுகிறது. பெரும்பாலான கணினிகளில் அது எழுதமுடியாத பகுதியில் இருக்கும், ப[0] மாற்றினால் நிரல் விழும். இரண்டாவது உங்களுக்கென ஒரு நகலை உருவாக்குகிறது, விருப்பம்போல் மாற்றலாம். முதல் வகையை எழுதும்போது முன்னால் கான்ஸ்ட் சேர்த்துவிடுங்கள், மாற்ற முயன்றால் கம்பைலரே தடுக்கும்.

அரைப்புள்ளி

புரிந்தது. கடைசியாக ஒன்று, இது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. பெயர்[20] அணியில் எஸ்என்பிரிண்ட்எஃப் கொண்டு தமிழ்ச்செல்வி என்ற பெயரைப் போட்டேன். ஏழு எழுத்துகள்தானே, இருபது இடம் தாராளம் என்று நினைத்தேன். திரும்பி வந்த எண் 39! அச்சிட்டால் "தமிழ்ச" என்று வந்து, பின்னால் ஒரு கேள்விக்குறிக் கட்டம். மலர் மட்டும் ஏன் சரியாக வந்தது?

மூன்றாம்பைட்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இது என் பேட்டை என்பதால் வருகிறேன்.

கேர் என்பது எழுத்து அல்ல, பைட். யூனிகோட் குறியீடுகளைப் பைட்களாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோடின் தமிழ்த் தொகுதியில் உள்ள ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். அதிலும் நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவது பெரும்பாலும் இரண்டு குறியீடுகள்: மி என்பது ம, அதன்பின் கொக்கி. ழ் என்பது ழ, அதன்பின் புள்ளி. தமிழ்ச்செல்வியில் த மட்டும்தான் ஒற்றை. மற்ற ஆறும் இரட்டை. ஆக 13 குறியீடுகள், 39 பைட். முடிவுக்குறியோடு 40. மலர் என்பதில் நான்கு குறியீடுகள், 12 பைட், அதனால் தப்பித்தது.

இருபதில் முடிவுக்குறிக்கு ஒன்று போக 19 பைட். அதில் ஆறு குறியீடுகள் முழுதாக அடங்கும், 18 பைட்: த, ம, கொக்கி, ழ, புள்ளி, ச. மீதமிருந்த ஒரு பைட்டில் அடுத்த புள்ளியின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நுழைந்தது. அந்த அரைகுறைப் பைட்தான் உங்கள் கேள்விக்குறிக் கட்டம்.

"தமிழ்" என்ற ஒரே சொல்லின் நீளத்தை வெவ்வேறு மொழிகளில் கேட்டுப் பாருங்கள். சி மொழியின் ஸ்டர்லென், கோ, ரஸ்ட் மூன்றும் 15 என்கும். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் 5 என்கும். ஸ்விஃப்ட் 3 என்கும். எவையும் பொய் சொல்லவில்லை, எண்ணும் பொருள்தான் வேறு.

ஈரிலக்கம்

அப்படியானால் என் சி++ ஸ்ட்ரிங் வகையும் 15 என்றுதான் சொல்லுமா?

மூன்றாம்பைட்

ஆம். இந்த விஷயத்தில் அது கேர் அணியைவிட எந்த வகையிலும் மேல் இல்லை. சப்ஸ்டர் கொண்டு வெட்டினால் அதே கட்டம் அங்கேயும் வரும். பைத்தானில் கட்டம் வராது, ஆனால் சரத்தைத் தலைகீழாக்கினால் புள்ளி ழகரத்துக்கு முன்னால் போய் நிற்கும். சரத்தைத் தலைகீழாக்கும் பயிற்சியைப் பாடநூல்கள் ஆங்கிலச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது ஏன் என்று இப்போது புரியும்.

பூச்சியன்

சரி, வெட்டியே ஆகவேண்டும் என்றால் எப்படி வெட்டுவது? அணியைப் பெரிதாக்கு என்பதை விட்டுவிடுங்கள், எங்கோ ஓரிடத்தில் எல்லை வந்தே தீரும்.

மூன்றாம்பைட்

நல்ல கேள்வி. இரண்டு படிகள்.

முதல் படி, குறியீட்டின் நடுவில் வெட்டாதிருத்தல். 1992ஆம் ஆண்டு கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8ஐ வடிவமைத்தபோது இதற்கு வழி வைத்தே செய்திருக்கிறார்கள்: ஒரு குறியீட்டின் இரண்டாவது, மூன்றாவது பைட்கள் எப்போதும் 128 முதல் 191 வரைதான் இருக்கும், முதல் பைட் ஒருபோதும் அந்த எல்லைக்குள் வராது. ஆகவே எங்கே வெட்ட நினைக்கிறீர்களோ, அந்த இடத்தில் தொடங்கும் பைட்டைப் பாருங்கள். 128க்கும் 191க்கும் இடையில் இருந்தால் ஒரு பைட் பின்னால் வாருங்கள். அந்த எல்லையில் இல்லாத பைட் கிடைக்கும்வரை இப்படியே. தமிழில் அந்த முதல் பைட் எப்போதும் 224.

இதோடு நிறுத்தினால் "தமிழ்ச" கிடைக்கும். கட்டம் போய்விட்டது, ஆனால் ச் என்பது ச ஆகிவிட்டது. பெயரே மாறிப்போகும் என்பதால் இரண்டாவது படி தேவை: வெட்டும் இடத்துக்குப் பின்னால் தொடங்கும் குறியீடு கொம்பு, கால், கொக்கி, புள்ளி போன்ற துணைக்குறியா என்று பார்க்கவேண்டும். தமிழில் இதைப் பைட் அளவிலேயே கண்டுபிடித்துவிடலாம். முதல் பைட் 224. இரண்டாவது 174 என்றால் மூன்றாவது 190 அல்லது 191. இரண்டாவது 175 என்றால் மூன்றாவது 128 முதல் 141 வரை, அல்லது 151. இவற்றில் ஒன்றாக இருந்தால் மூன்று பைட் பின்னால் வந்து, மறுபடி பாருங்கள். விடை "தமிழ்", 15 பைட்.

க்ஷ, ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துகளையும் பிரிக்காமல் காக்கவேண்டும் என்றால், வெட்டுக்கு முன்னால் இருக்கும் புள்ளியையும் கவனிக்க வேண்டும். அவ்வளவு தூரம் போவதாக இருந்தால் கையால் எழுதாதீர்கள். யூனிகோட் வேலைகளுக்கான ஐசியு நூலகத்தில் எழுத்து எல்லைகளைக் காணும் வசதி இருக்கிறது. தமிழைத் தாண்டிப் பிற மொழிப் பெயர்களும் வரும் என்றால் அது ஒன்றுதான் வழி.

வரிசைஎண்0

இதை நிரலாக எழுதப்போகும் அரைப்புள்ளிக்கு ஓர் எச்சரிக்கை. ஒப்பிடும்போது அன்சைன்ட் கேர் வகையாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். பல கணினிகளில் வெறும் கேர் என்பது -128 முதல் 127 வரை கொள்ளும் வகை. 224 அங்கே -32 ஆகிவிடும். "128க்கு மேல்" என்ற உங்கள் நிபந்தனை ஒருபோதும் மெய்யாகாது. எழுத்தா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபா, பெரிய எழுத்தாக்கும் டூஅப்பர் போன்றவற்றுக்கும் இதே விதி: எதிர்ம எண்ணைத் தந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

அரைப்புள்ளி

சரி, அதைக் கவனித்துக்கொள்கிறேன். அப்படியானால் பெயரைத் தேட ஸ்டர்கம்ப் போதுமா? 0 வரை பைட் பைட்டாக ஒப்பிட்டால் தமிழும் சரியாகத்தானே வரும்?

மூன்றாம்பைட்

பெரும்பாலும் வரும். கொ, கோ, கௌ வரிசைகளில் கவனம். கொ என்பதை க, அதன்பின் ஒகரக் குறி என்று இரண்டு குறியீடுகளாக வைக்கலாம். க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் வைக்கலாம். யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது, திரையில் மயிரிழை வேறுபாடும் தெரியாது. ஸ்டர்கம்ப் இரண்டும் வேறு என்று சொல்லும், ஒன்று 6 பைட், மற்றொன்று 9 பைட் என்பதால். பெயர்கள் வெவ்வேறு விசைப்பலகைகளிலிருந்தும் பழைய கோப்புகளிலிருந்தும் வந்தால், கோகிலாவைத் தேடி இரண்டு மணிநேரம் போகும்.

இதற்கு விடை, உள்ளே வாங்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவது. என்எஃப்சி என்ற இயல்பாக்க வடிவம் மூன்றை இரண்டாகச் சேர்த்துவிடும். ஒப்பிடும் நேரத்தில் மாற்றலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், ஏதாவது ஓரிடத்தில் விட்டுப்போகும்.

கருந்திரை

உள்ளீடு பற்றிப் பேச்சு வந்ததால்: அரைப்புள்ளி, "உள்ளீடு" என்ற அந்தப் பெரிய அணியில் எப்படி வாங்குகிறீர்கள்?

அரைப்புள்ளி

ஸ்கேன்எஃப், சதவீதக் குறி, எஸ். வகுப்பில் கெட்ஸ் சொல்லித் தந்தார்கள், ஆனால் என் கம்பைலர் அதை ஏற்க மறுக்கிறது.

கருந்திரை

மறுப்பது நல்லது. கெட்ஸ் செயற்கூறுக்கு அணியின் அளவைச் சொல்ல வழியே இல்லை. வருவது எவ்வளவு நீளமானாலும் எழுதிக்கொண்டே போகும். 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று, பயனர் விவரம் தரும் ஃபிங்கர் சேவை நிரலில் கெட்ஸ் எழுதிய 512 பைட் அணி. 2011ஆம் ஆண்டின் சி தரத்தில் கெட்ஸை அடியோடு நீக்கிவிட்டார்கள். இன்னும் வகுப்பில் இருக்கிறது என்பது வியப்பில்லை, வருத்தம்தான்.

அளவு சொல்லாத ஸ்கேன்எஃப் அதே கெட்ஸ்தான், வேறு சட்டை. சதவீதக் குறிக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் எண் போட்டால் எல்லை வரும், ஆனால் அணி[50] என்றால் 49 போடவேண்டும். அது முடிவுக்குறியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இடைவெளி வந்ததும் நின்றுவிடும் என்பதால் தலைப்பெழுத்தோடு எழுதிய பெயர் பாதியில் அறுபடும்.

ஒரு வரியை முழுதாக வாங்கும் எஃப்கெட்ஸ் எடுங்கள். அதற்கு 50 என்றே சொல்லலாம், முடிவுக்குறிக்கு இடம் அதுவே விட்டுக்கொள்ளும். வரியின் முடிவில் வரும் புதுவரிக் குறியையும் சேர்த்தே தரும், அதை நீங்கள்தான் நீக்க வேண்டும். ஸ்டர்சிஸ்பன் செயற்கூறு புதுவரிக் குறி இருக்கும் இடத்தைச் சொல்லும், இல்லையென்றால் சரத்தின் நீளத்தைச் சொல்லும். இரண்டில் எதுவானாலும் அந்த இடத்தில் 0 வைப்பதால் கேடில்லை, ஒரே வரியில் முடிந்துவிடும்.

ஈரிலக்கம்

இவ்வளவு தொல்லைக்குப் பதிலாக நீளத்தை முதலிலேயே எழுதிவைத்திருக்கலாமே? டர்போ பாஸ்கலில் அப்படித்தானே இருந்தது?

நினைவகவாசி

இருந்தது, முதல் பைட்டில் நீளம். அதனால் 255க்கு மேல் சரம் நீளாது. சி மொழியின் மூதாதையான பிசிபிஎல் மொழியிலும் நீளம் முன்னால்தான். பி மொழியில் முடிவுக்குறிக்கு மாறினார்கள், சி அதையே எடுத்துக்கொண்டது. நீளத்தை 8 அல்லது 9 பிட்டுக்குள் அடைப்பதால் வரும் வரம்பைத் தவிர்க்கவும், எண்ணிக்கையைப் பராமரிப்பதைவிட முடிவுக்குறி வசதி என்று அனுபவத்தில் தோன்றியதாலும் மாறியதாக டென்னிஸ் ரிட்சியே சி மொழியின் வரலாறு பற்றிய 1993ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். அன்றைய நினைவகத்துக்கு நியாயமான முடிவு. இன்று வடிவமைத்தால் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். ரஸ்ட், கோ இரண்டும் பாயிண்டரோடு நீளத்தையும் சேர்த்தே தூக்கிச் செல்கின்றன.

சி மொழியிலும் தடையில்லை. முகவரி ஒன்று, நீளம் ஒன்று என்று இரண்டு உறுப்புகள் கொண்ட கட்டுருவை நீங்களே வைத்துக்கொள்ளலாம், பெரிய திட்டங்கள் பலவும் அப்படித்தான் செய்கின்றன. வெளி நூலகத்தை அழைக்கும் இடத்தில் மட்டும் 0 சேர்த்துக் கொடுக்கவேண்டியிருக்கும்.

அரைப்புள்ளி

மாற்றிவிட்டேன். எஃப்கெட்ஸ், பெயர்[64], எஸ்என்பிரிண்ட்எஃப், வெட்டும் செயற்கூறு எல்லாம் சேர்த்தாயிற்று. தமிழ்ச்செல்வி முழுதாக வருகிறார். முகவரிச் சோதனைக் கருவி ஆட்ரஸ் சானிடைசரையும் இயக்கினேன், பிழை எதுவும் காட்டவில்லை. எண்[10] என்று வைத்திருந்த பழைய நிரலையும் ஆர்வத்தில் அதன் கீழ் ஓட்டினேன். அதிலும் பிழை காட்டவில்லை! பெயர் மட்டும் வழக்கம்போல் ஒட்டிக்கொண்டு வந்தது. கருவியை நான் சரியாக இயக்கவில்லையா?

நினைவகவாசி

சரியாகத்தான் இயக்கியிருக்கிறீர்கள். அந்தக் கருவி தனித்தனி மாறிகளைச் சுற்றித் தடைசெய்த வேலியைப் போட்டு, வேலியைத் தொட்டால் கத்தும். ஒரே கட்டுருவின் இரண்டு உறுப்புகளுக்கு நடுவில் வேலி கிடையாது, போட்டால் கட்டுருவின் அமைப்பே மாறிவிடும். எண்ணிலிருந்து பெயருக்குள் நுழைவது அதன் பார்வையில் சொந்த வீட்டுக்குள் நடப்பது. எண்[10] என்பதைக் கட்டுருவுக்கு வெளியே எடுத்துத் தனி மாறியாக வைத்து அதே வரியை ஓட்டுங்கள், கத்தும்.

அரைப்புள்ளி

கத்தியது. பத்தாவது பைட்டில், பிரிண்ட்எஃப் வரியை அப்படியே காட்டுகிறது.